பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே: ஆடம்பரக் கார்களில் ஹைட்ராலிக் பிரேக்

ஹைட்ராலிக் பிரேக் என்பது காலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. பெடலை மிதித்தால் மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் பிஸ்டன் முன்னே நகரும். அதன் முன்னால் நிறைந்திருக்கும் எண்ணெய் மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஓடி, அங்கங்கே உள்ள சின்னப் பிஸ்டன்களைத் தள்ளும். அவை பிரேக் ஷூக்களை டிரம்மின் மீது அழுத்தும். கால் 20 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறது, பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது என்று கொண்டால், மாஸ்டர் பம்பின் பிஸ்டன் மீது 100 கிலோ விழும். அந்தப் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், எண்ணெயில் எழும் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 25 கிலோ. சக்கரத்தில் உள்ள பிஸ்டன் 5 சதுர சென்டிமீட்டர் பரப்புடையது என்றால் அதைத் தள்ளும் விசை 125 கிலோ. சக்கரத்துக்கு இரண்டு பிஸ்டன் வீதம் எட்டுக்கும் சேர்த்தால் 1,000 கிலோ வருகிறது. ஒரு மனிதக் காலின் 20 கிலோ 50 மடங்காகப் பெருகிவிடுகிறது.

இந்தப் பெருக்கம் இலவசமாக வருவதில்லை. எட்டுப் பிஸ்டன்களும் ஒரு மில்லிமீட்டர் வெளியே வர 4 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். அதைத் தர மாஸ்டர் பம்பின் பிஸ்டன் ஒரு சென்டிமீட்டரும் பெடல் ஐந்து சென்டிமீட்டரும் நகர வேண்டும். குழாயில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று புகுந்திருந்தால், அந்தக் காற்றைச் சுருக்குவதற்கே பெடல் இன்னும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். பட்டறையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக் காற்றெடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஆனால் காற்றைவிடப் பெரிய தொல்லை ஒழுக்கு. ஹைட்ராலிக் பிரேக்கின் ஆரம்ப வரலாறு பெரும்பாலும் ஒழுக்கை அடைத்த வரலாறு.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சொல்லிவிட்டார். அதைப் பயன்படுத்தி இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1795இல். அந்த இயந்திரத்தை உண்மையில் வேலைசெய்ய வைத்தது, அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே செய்த தோல் வளையம் என்று சொல்லப்படுகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தோலின் விளிம்பு விரிந்து சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கினால் தளர்ந்துவிடும். ஒழுகவைக்கும் அழுத்தத்தையே அடைப்பாக மாற்றிவிட்ட யோசனை அது. காருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தபோது விதியும் இருந்தது, கருவியும் இருந்தது, அடைப்பு யோசனையும் இருந்தது. அந்த அடைப்பை எந்தப் பொருளில் செய்வது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஆரம்பக் கார்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருந்தது. சிலவற்றில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கும் இன்னொரு பிரேக்கும் உண்டு. முன்சக்கரத்தில் பிரேக் வைத்தால் வண்டி குப்புறக் கவிழும், திருப்பத்தில் சறுக்கும் என்ற அச்சம் வலுவாக இருந்தது. உண்மை இதற்கு நேர்மாறு: பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் இலேசாகின்றன, முன்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன. அதிகம் நிறுத்தக்கூடிய சக்கரங்களைச் சும்மா ஓடவிட்டுவிட்டுப் பின்சக்கரங்களை மட்டும் பிடித்தால் வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். இத்தாலியின் இசோட்டா பிராஸ்கினி 1910இலேயே நான்கு சக்கர பிரேக்கைக் கொண்டுவந்தது. ஆனாலும் 1920களின் நடுப்பகுதிவரை வாதம் ஓயவில்லை. அமெரிக்காவில் சில நிறுவனங்கள் நான்கு சக்கர பிரேக் ஆபத்தானது என்று பத்திரிகைகளில் விளம்பரமே கொடுத்தன; அவற்றின் கார்களில் அந்த பிரேக் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில், நான்கு சக்கர பிரேக் உள்ள காரின் பின்புறம் சிவப்பு முக்கோண எச்சரிக்கை மாட்டும் வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் சட்டென நின்றுவிட, பின்னால் வருகிறவரால் நிறுத்த முடியாமல் போகும் என்பதுதான் காரணம்.

நான்கு சக்கரங்களுக்கும் இரும்புக் கம்பியாலும் எஃகு வடத்தாலும் பிரேக்கைக் கொண்டுபோவது பெரிய சிரமம். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும், முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும். இந்த அசைவில் கம்பி இழுபட்டால் மிதிக்காமலே பிரேக் பிடிக்கும். தளர்ந்தால் மிதித்தாலும் பிடிக்காது. நான்கு கம்பிகளும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஒன்று சற்றுக் கூடுதலாக இழுத்தால் வண்டி அந்தப் பக்கம் ஓடும். மூட்டுகளில் சேறும் துருவும் ஏறும். காலையில் சரியாகப் பூட்டிய பிரேக் மாலையில் வேறு குணம் காட்டும். திரவத்தில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம்தான் போகும். சமன்செய்யத் தனி ஏற்பாடு வேண்டாம், இயற்கையே சமன்செய்து தருகிறது.

விலையுயர்ந்த கார்களைக் கட்டியவர்கள் இந்தச் சிரமத்தை நல்ல வேலைப்பாட்டாலேயே வென்றுவிடலாம் என்று நம்பினார்கள். அதில் ஓரளவு வெற்றியும் கண்டார்கள். 1919இல் வந்த ஹிஸ்பானோ சுயிசா எச்6 அதற்குச் சிறந்த சான்று. அதன் வடிவமைப்பாளர் மார்க் பிர்கிட், கியர்ப்பெட்டியிலிருந்து மெதுவாகச் சுழலும் ஒரு சின்ன உராய்வுக் கருவியை வைத்தார். பெடலை மிதித்தால் கால் செய்யும் வேலை அந்தக் கருவியைத் தொடுவது மட்டுமே. ஓடும் வண்டியின் வேகமே கம்பிகளை இழுத்து நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். கனமான காரைக் காலின் பலத்தால் மட்டும் நிறுத்துவது கடினம் என்ற நிலையில் இது அழகான தீர்வு. ரோல்ஸ் ராய்ஸ் அதன் உரிமத்தைப் பெற்று 1924இன் இறுதியில் தன் சில்வர் கோஸ்ட் காரில் நான்கு சக்கர பிரேக்காகப் பொருத்தியது. கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், வேறொரு வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

அந்த வழியைத் திறந்தவர் மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனோடு சேர்ந்து 1913இல் சான் பிரான்சிஸ்கோவில் கடல் விமானம் கட்டிப் பறக்கவிட்டவர். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற லாக்ஹீட் விமான நிறுவனத்தின் பெயர் இந்தக் குடும்பத்துடையது. மால்கம் ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். 1919இல் விமானத் தொழிலை விட்டு விலகி, கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டுக்குப் போய் பிரேக்கிலேயே இறங்கிவிட்டார்.

ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்த முதல் பயணியர் கார் என்று பரவலாக ஏற்கப்படுவது டூசன்பர்க் மாடல் ஏ. ஜெர்மனியிலிருந்து அயோவாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த பிரெட், ஆகஸ்ட் என்ற சகோதரர்கள் பந்தயக் கார் கட்டிப் பெயரெடுத்தவர்கள். அவர்களின் ஆடம்பரக் கார் 1920இன் இறுதியில் நியூயார்க்கின் கொமடோர் ஹோட்டலில் காட்சிக்கு வந்தது. வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர மேலும் ஓராண்டு பிடித்தது. எட்டு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக், விலை சுமார் 6,500 டாலர். அதே காலத்தில் போர்டு மாடல் டி சில நூறு டாலருக்குக் கிடைத்தது. மாடல் ஏ மொத்தமே ஏறத்தாழ 650தான் செய்யப்பட்டன.

பிரேக்கின் மதிப்பைக் காட்டியது கண்காட்சி மண்டபமன்று, பந்தயப் பாதை. 1921 ஜூலையில் பிரான்சின் லே மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் ஜிம்மி மர்பி டூசன்பர்க் ஓட்டி வென்றார். பயிற்சியின்போது வண்டி கவிழ்ந்து அடிபட்டிருந்த அவர், உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் பந்தயத்தில் உட்கார்ந்தார். சரளைக் கற்கள் பெயர்ந்து பறந்த அந்தப் பாதையில், மற்றவர்கள் திருப்பத்துக்கு வெகுமுன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. டூசன்பர்க் கார்கள் திருப்பத்தின் வாசல்வரை முழு வேகத்தில் வந்து பிறகு பிரேக் பிடித்தன. ஐரோப்பிய கிராண்ட் பிரியை ஓர் அமெரிக்கர் அமெரிக்கக் காரில் மறுபடி வெல்ல 1967வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நன்றாக நிற்கத் தெரிந்த வண்டிதான் வேகமாகவும் ஓட முடியும் என்பதைப் பந்தயக்காரர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். சீமான்களுக்கு விற்ற நிறுவனங்களுக்கு அது எட்ட நாளாயிற்று.

டூசன்பர்க் மாடல் ஏயின் பிரேக்கில் ஒரு விசித்திரம் உண்டு. முன்சக்கரங்களுக்கு வளையும் குழாய் இல்லாமல், துளையிட்ட அச்சுக்குள்ளேயும் திரும்பும் மூட்டுக்குள்ளேயும் திரவத்தை ஓடவிட்டிருந்தார்கள். திரவமோ கிளிசரினும் தண்ணீரும் கலந்தது. வெளியில் ஒரு குழாய்கூடத் தெரியாத சுத்தமான வேலை. ஆனால் திரும்பும் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் அடைப்பு வேண்டும், ஒவ்வோர் அடைப்பும் என்றாவது ஒழுகும். சில நூறு கார்களை, கைதேர்ந்த ஆட்கள் கவனித்துக்கொள்ளும் வீடுகளுக்கு விற்கும்போது இதைச் சமாளித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் செய்து, கிராமத்து மருத்துவருக்கும் கடைக்காரருக்கும் விற்க முடியாது.

லாக்ஹீடின் ஆரம்ப அமைப்பிலும் அடைப்புத்தான் தகராறு. அவர் பயன்படுத்தியது பதனிடாத தோலில் செய்த கிண்ணங்கள். தோல் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும், காய்ந்தால் விறைக்கும். மெதுவாக இயங்கும் நீரழுத்த இயந்திரத்தில், எப்போதும் நனைந்தே கிடக்கும் தோல் நன்றாக உழைத்தது. காரிலோ நாளெல்லாம் அதிர்வு, டிரம்மிலிருந்து வரும் சூடு, ஒரு வாரம் கொட்டகையில் சும்மா நின்ற பிறகு திடீரென முழு அழுத்தம். தோல் இதைத் தாங்கவில்லை.

வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் முதல் காரை 1924 ஜனவரியில், அதே கொமடோர் ஹோட்டலில், காட்டினார். அதைப் படைத்த பொறியாளர்கள் பிரெட் சீடர், ஓவன் ஸ்கெல்டன், கார்ல் பிரீர் மூவரும் லாக்ஹீடின் பிரேக்கை எடுத்துக்கொண்டார்கள். தோல் கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ரப்பர் கிண்ணம் வைத்தார்கள். இந்தத் திருத்தத்தை லாக்ஹீடும் பயன்படுத்திக்கொள்ளலாம், பதிலுக்குக் கிரைஸ்லருக்குக் காப்புரிமைக் கட்டணம் வேண்டாம் என்று உடன்பாடு ஆயிற்று. கிரைஸ்லர் சிக்ஸ் நடுத்தர விலையில் வந்தது; டூசன்பர்க்கின் விலையில் ஏறத்தாழ கால்வாசி. முதல் ஆண்டிலேயே 30,000க்கும் மேல் விற்றது. ஹைட்ராலிக் பிரேக்கை முதலில் துணிந்து பொருத்திய பெருமை ஆடம்பரக் காருக்கு. அதை நம்பத்தக்கதாக ஆக்கிய பெருமை இந்த நடுத்தரக் காருக்கு.

அந்த ரப்பர் கிண்ணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது தகும். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. பட்டறையில் பழைய வீல் பம்பைக் கழற்றினால் கறுப்பாக, குழிந்த முகத்தோடு வெளியே வருவது அதுதான். குழிந்த பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்கும், தட்டையான பக்கம் பிஸ்டனைத் தொட்டிருக்கும். மிதித்தவுடன் எண்ணெய் குழியை நிரப்பி உதட்டை வெளிப்பக்கம் தள்ளும். உதடு சிலிண்டர் சுவரோடு ஒட்டும். இது மாட்ஸ்லேயின் பழைய யோசனையேதான். ரப்பர் சேர்த்தது மீள்திறன். ஆயிரம் முறை நசுங்கினாலும் ஆயிரம் முறையும் பழைய வடிவத்துக்கே திரும்பும். சுவரில் நுண்ணிய கீறல் இருந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொள்ளும். கிண்ணத்தைத் திருப்பிப் போட்டு மாட்டினால், முதல் மிதியிலேயே எண்ணெய் டயர்மேல் வடியும்.

1924இல் ரப்பர் என்றால் பால்மரத்து ரப்பர்தான். செயற்கை ரப்பர் பெரிய அளவில் வந்தது இரண்டாம் உலகப்போரில். அன்று உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போயிற்று. சிலாங்கூரின் கடற்கரைச் சமவெளி, அதாவது கிள்ளான், காப்பார், கேரித் தீவு வட்டாரம், அதில் முதன்மையானது. விடியுமுன் தோட்டத்துத் தமிழர்கள் வெட்டிய பால், மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் போகும். அங்கே தண்ணீரும் அமிலமும் சேர்த்து உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தட்டி, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்டால் வரிவரியான புகைத்தாள் ரப்பர். போர்ட் சுவெட்டன்ஹாம் வழியே, இன்றைய கிள்ளான் துறைமுகம் வழியே, அது கப்பலேறியது. அமெரிக்காவில் கந்தகம் சேர்த்து வேகவைத்த பிறகே கிண்ணமோ டயரோ ஆயிற்று.

இங்கே அளவு தவறக் கூடாது. பிரேக் கிண்ணத்துக்கு வேண்டிய ரப்பர் சில கிராம்தான். தோட்டங்களின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானித்தது டயர். ஸ்டீவன்சன் திட்டம் என்ற பிரிட்டிஷ் ஏற்பாடு 1922இல் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், 1925இல் ரப்பர் விலை இறாத்தல் 4 ஷில்லிங்கைத் தாண்டியதும், 1932இல் அதே இறாத்தல் 2 பென்ஸுக்கும் கீழே விழுந்ததும், அந்த வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டதும் டயர்ச் சந்தையின் கதை. பிரேக்குக்கும் டயருக்கும் வேறொரு வகையில் தொடர்பு உண்டு. 1923இல் பயர்ஸ்டோன் கொண்டுவந்த குறைந்த காற்றழுத்த பலூன் டயர், தரையோடு அகலமாக ஒட்டியது. டயருக்குப் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை எவ்வளவு வலுவாக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கத்தான் செய்யும். நான்கு சக்கர பிரேக்கும் பலூன் டயரும் ஒரே சில ஆண்டுகளில் பரவியது தற்செயலன்று.

ரப்பர் வந்ததும் திரவத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. இயற்கை ரப்பருக்கு மண்ணெண்ணெய், என்ஜின் எண்ணெய் போன்ற கனிம எண்ணெய்கள் ஆகாது. அவற்றில் ஊறினால் பஞ்சுபோல் உப்பும். உப்பிய கிண்ணம் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும், பெடலை விட்டாலும் பிரேக் விடாது. இன்றுகூட மாஸ்டர் பம்பில் தெரியாமல் என்ஜின் எண்ணெயை ஊற்றிவிட்டால், ஒரு ரப்பர் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். ரப்பரைத் தின்னாத, உலோகத்தை வழவழப்பாக வைக்கும் எண்ணெய் எது என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது விளக்கெண்ணெய். தமிழ்நாட்டின் சேலம், தருமபுரி வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் ஆமணக்கின் எண்ணெய்தான். தனியே அது மிகக் கெட்டி என்பதால் ஆல்கஹால் சேர்த்து நீர்க்கச் செய்தார்கள். விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த இந்தத் திரவம் பல பத்தாண்டுகள் பிரேக் எண்ணெயாக உலகெங்கும் ஓடியது. அதன் பலவீனம் ஆல்கஹால்: சீக்கிரம் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியும் காற்றைப்போல் சுருங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பெடல் வெறுமையாக உள்ளே போகும்.

கிரைஸ்லருக்குப் பிறகு மற்றவர்கள் சற்றுத் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிரிட்டனில் டிரையம்ப் 13/35 லாக்ஹீட் பிரேக்கை ஏற்றது. ஜெர்மனியில் ஆல்பிரட் டேவ்ஸின் நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்ய, 1926இல் ஆட்லர் ஸ்டாண்டர்ட் 6 அதைப் பொருத்தியது. எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1926இல் அமெரிக்காவின் ஸ்டட்ஸ், பாதுகாப்பையே விற்பனைப் பெயராகக் கொண்ட தன் ஆடம்பரக் காரில், பிஸ்டனே இல்லாத ஒரு பிரேக்கை வைத்தது. டிரம்முக்குள் ரப்பர்ப் பை. அதில் தண்ணீரும் ஆல்கஹாலும். மிதித்தால் பை உப்பி ஷூவைத் தள்ளும். ஒழுகும் பிஸ்டனைத் தவிர்க்க எண்ணியவர்கள் வெடிக்கும் பையை வாங்கிக்கொண்டார்கள். விரைவிலேயே ஸ்டட்ஸ் லாக்ஹீட் முறைக்கு வந்துவிட்டது.

டூசன்பர்க் தன் வழியிலேயே நின்றது. 1928இன் இறுதியில் அறிமுகமான மாடல் ஜே, 265 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட என்ஜினோடு, மேற்கூடு இல்லாத சேஸ் மட்டுமே 8,500 டாலர். அதற்கும் ஹைட்ராலிக் பிரேக். சில காலத்தில் என்ஜினின் வெற்றிடத்தால் காலுக்கு உதவும் கருவியும் சேர்ந்தது. அந்த வரிசைக் கார் ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர், லண்டனின் கர்னி நட்டிங் பட்டறையில் மேற்கூடு கட்டி 1930களில் வாங்கியது. இந்திய அரண்மனைகளின் கொட்டகைகளில் வரிசைவரிசையாக நின்ற ரோல்ஸ் ராய்ஸ்கள் அப்போதும் கம்பி பிரேக்கில்தான் நின்றன.

ரோல்ஸ் ராய்ஸின் பிடிவாதத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. அந்தப் பொறியாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: கம்பி ஒன்று அறுந்தால் ஒரு சக்கரத்தின் பிரேக் போகும், குழாய் ஒன்று உடைந்தால் நான்கும் சேர்ந்து போகும். அன்றைய ஹைட்ராலிக் பிரேக்குகளில் மாஸ்டர் பம்ப் ஒன்றே, குழாய்த் தொடரும் ஒன்றே. கம்பியின் தேய்மானமும் தளர்ச்சியும் முன்கூட்டியே தெரியும். கசிவு தெரியும்போது எண்ணெய் தரையில் கிடக்கும். தவிர, அவர்களின் காரைப் பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்ந்த டிரைவர் ஓட்டினார். கம்பிகளுக்கு எண்ணெய் விட்டு, முறுக்கிச் சரிசெய்வது அவர் அன்றாட வேலை. கம்பி பிரேக்கின் பெருங்குறையான ஓயாத பராமரிப்பு, அந்த வீடுகளில் குறையாகவே தெரியவில்லை. கையில் இருந்த பிர்கிட் வகைக் கருவியும் நன்றாகவே வேலைசெய்தது. மாற்றுவதற்கு அவசரம் எங்கிருந்து வரும்?

மற்ற ஆடம்பர நிறுவனங்களும் ஒவ்வொன்றாகத்தான் இறங்கி வந்தன. கெடிலாக் 1936இல் ஹைட்ராலிக்குக்கு மாறத் தொடங்கியது. பக்கார்ட் 1935இல் தன் மலிவான 120 காரில் பொருத்திப் பார்த்துவிட்டு, 1937இல் பெரிய கார்களுக்கும் கொடுத்தது. விலை குறைந்த கார் வாங்கியவர்மேல் சோதித்து, விலை கூடிய கார் வாங்கியவருக்கு விற்றதைப்போல. பியர்ஸ் ஆரோ 1938இல் மூடப்படும்வரை கம்பியை விடவில்லை. புகாட்டியின் டைப் 57க்குக் கடைசி ஆண்டுகளில்தான் ஹைட்ராலிக் பிரேக் கிடைத்தது. மலிவுக் காரின் பக்கத்தில் ஹென்றி போர்டு எல்லாரையும்விடப் பிடிவாதமாக இருந்து 1939இல் மாறினார்; அதுவரை பெடலிலிருந்து சக்கரம்வரை எஃகு என்பதையே விளம்பரமாக்கினார். அவருக்கும் ரோல்ஸ் ராய்ஸுக்கும் வேறெதிலும் ஒற்றுமை காண்பது கடினம்.

1936இல் வந்த ரோல்ஸ் ராய்ஸின் 12 சிலிண்டர் பாண்டம் 3கூடக் கம்பி பிரேக்கோடுதான் வந்தது. போருக்குப் பிறகு 1946இல் வெளியான சில்வர் ரெய்த், முன்சக்கரத்துக்கு ஹைட்ராலிக், பின்சக்கரத்துக்குக் கம்பி என்று சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டின் பென்ட்லி மார்க் 6உம் அப்படியே. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அங்கே சமமான அழுத்தம் வேண்டும், அதை எண்ணெய் தரட்டும். எண்ணெய் போய்விட்டால் பின்சக்கரத்துக் கம்பி இருக்கட்டும். இதைப் பாதித் துணிச்சல் என்று பகடி செய்தவர்கள் உண்டு. ஆனால் பிரேக் இரண்டு தனிப் பாதைகளில் போக வேண்டும் என்ற பிற்கால விதியின் கரு இந்த அரைகுறை ஏற்பாட்டில் இருந்தது. 1965இல் சில்வர் ஷேடோ வந்தபோது நிறுவனம் நேர் எதிர்முனைக்குப் போயிருந்தது: நான்கு சக்கரத்திலும் டிஸ்க், பிரான்சின் சித்ரோவனிடம் உரிமம் பெற்ற உயர் அழுத்த ஹைட்ராலிக் முறை, ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிச் சுற்றுகள்.

ரோல்ஸ் ராய்ஸ் 1920களில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது இரட்டை மாஸ்டர் பம்ப். ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன்கள், இரண்டு எண்ணெய்ச் சுற்றுகள். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். 1962இல் கெடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸும் இதைத் தங்கள் கார்களில் கொடுத்தன. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அது கட்டாயமாயிற்று. 1966இல் வெளியான வால்வோ 144 இன்னும் ஒரு படி மேலே போனது: ஒவ்வொரு சுற்றும் இரண்டு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் பிடிக்கும். எந்தச் சுற்று உடைந்தாலும் மூன்று சக்கரத்தில் பிரேக் மிஞ்சும். மறு ஆண்டே, 1967இல், வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை ஷா ஆலாமில் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை அது. ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலத்தில் எழுந்த நகரம் ஷா ஆலாம். தமிழ்நாட்டில் டிவிஎஸ் குழுமம் பிரிட்டனின் லூகாஸ் கர்லிங்கோடு சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஹைட்ராலிக் பிரேக் இந்தியாவில் இறக்குமதிப் பொருளாக மட்டும் இருக்கவில்லை.

ஹைட்ராலிக் முறை தீர்க்காத ஒன்று சூடு. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குப் போகும் பாதையிலோ கெந்திங் இறக்கத்திலோ தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து விரிந்து ஷூவைவிட்டு விலகும். கம்பி பிரேக்குக்கும் இதே கதிதான். காற்றோட்டத்தில் திறந்து நிற்கும் டிஸ்க் இதைப் பெருமளவு தணித்தது. ஜாகுவார் 1953இல் லே மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக்கோடு வென்றபின் விலையுயர்ந்த கார்கள் அந்தப் பக்கம் திரும்பின. விளக்கெண்ணெய்க் கலவையின் இடத்துக்குக் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. அவை கொதிக்க நிறையச் சூடு வேண்டும்: டாட் 3 வகைக்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230. ஆனால் அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. ஈரம் ஏறிய டாட் 3 எண்ணெய்க்கு உத்தரவாதமான கொதிநிலை 140 டிகிரிதான், டாட் 4க்கு 155. ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்ணெய் குளிர்நாடுகளைவிடச் சீக்கிரம் இந்த நிலைக்கு வருகிறது. ஒழுகாத, நிறம் மட்டும் கறுத்த எண்ணெயையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மாற்றும்போது கிண்ணங்களையும் பார்த்துவிடுவது நல்லது. இன்று அவை பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அதற்கும் கனிம எண்ணெய் ஆகாது.